வசவுக்கும் ஒரு சரித்திரம்

‘பேதியில போவான்’ என்று இன்றைக்கு நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். “ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடிச்சா சரியாப் போயிடும். அதைச் சொல்லியா தாத்தா ஒருத்தரைத் திட்டுவாங்க?” என்று என் பேத்தி கேட்டாள். நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பேதி வேறு. வாந்தி பேதி. காலையில் நடவுக்குப் போனவனை மறுநாள் விடிவதற்குள் பாடையில் ஏற்றிய பேதி.

1817இல் வங்காளத்து ஜெஸ்ஸூர் பக்கம் பெரிதாகக் கிளம்பிய காலரா, அடுத்த வருஷமே சென்னை ராஜதானிக்குள் வந்துவிட்டது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் நம் பக்கத்தை அது விடவில்லை. விடாததற்குக் காரணம் நாம் எதை வைத்துப் பெருமைப்படுகிறோமோ அதேதான், தண்ணீர். ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால், குளம் என்று எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. மேல ஊர்க்காரன் குளித்த தண்ணீரைக் கீழ ஊர்க்காரன் குடித்தான். நோய் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று 1854இல் ஜான் ஸ்நோ லண்டனில் ஒரு தெருப் பம்பை வைத்துக் காட்டினார். 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த விஷயம் ஊசியாகவும் குளோரினாகவும் கைப்பம்பாகவும் நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நாம் பிறந்துவிட்டோம். திருவிழாவுக்குப் போகிற வழியில் சுகாதாரத்துறைக்காரர்கள் மறித்து நின்று ஊசி போட்டதும், கை வீங்கிப்போய் ராத்திரி காய்ச்சலோடு தேர் பார்த்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பயம்தான் வாயில் வசவாக வந்தது. ‘கொள்ளையில போவான்’ என்பதில் உள்ள கொள்ளை திருட்டு இல்லை, கொள்ளை நோய். ‘மாரியாத்தா வாரிக்கிட்டுப் போவ’ என்பது பெரியம்மை. ‘எடுபட்ட பய’ என்றால் எமன் எடுத்துக்கொண்டு போக வேண்டியவன். வைசூரி ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. வியாதி போனதும் வசவும் நீர்த்துவிட்டது. இப்போது கிராமத்தில் எஞ்சியிருக்கிற பாட்டிகள் ‘எடுபட்ட பயலே’ என்று பேரனைக் கொஞ்சத்தான் கொஞ்சுகிறார்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மைத்துனர் மகன் ஹாலந்தில் வேலை பார்க்கிறான். அவன் சொல்லித்தான் தெரிந்தது, டச்சுக்காரர்களும் வியாதியை வைத்தே திட்டுகிறார்கள். ‘கிளேரே வரட்டும்’ என்பது அவர்கள் வசவு. கிளேரே என்றால் காலராவின் சிதைந்த உச்சரிப்பு! டைஃபாய்டு, காசநோய், அம்மை, இப்போது புற்றுநோய் என்று பட்டியல் நீள்கிறது. போலந்துக்காரன் கால் இடறினால் ‘ஹோலெரா!’ என்கிறான், அதுவும் காலராதான். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்காக யாரும் யாரிடமிருந்து கற்றார்கள் என்று முடிச்சுப் போட வேண்டாம். அவர்கள் தேசமும் நம்முடையது போலக் கால்வாய்களின் தேசம், அவர்களும் அந்தச் சாவைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்றுக்கொடுத்தார்கள், வசவு கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கற்றது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் ஊர் திரும்பியிருந்த சொல்தாக்களிடம். இந்தோ-சீனாவைப் பார்த்துவிட்டு வந்த அந்தக் கிழவர்கள் சீட்டாட்டத்தில் தோற்றால் ‘நோம் தெ தியே’ என்பார்கள். ‘கடவுள் பெயரால்’ என்று அர்த்தம். இதில் திட்டு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குப் புரியாது. கடவுள் பெயரை வீணாகச் சொல்வதே அவர்கள் மதத்தில் பாவம், அதனாலேயே அது வசவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் அப்படிச் சொன்னவர்களுக்கு உதட்டில் சூடு போட வைத்தார். அவரைத்தான் பிற்பாடு புனிதர் ஆக்கினார்கள். சூட்டுக்குப் பயந்த ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘தியே’ வருகிற இடத்தில் ‘ப்ளே’ என்று மாற்றிக்கொண்டார்கள். ‘ப்ளே’ என்றால் நீல நிறம். பார்ப்ளே, மோர்ப்ளே, சாக்ரெப்ளே எல்லாம் இப்படிப் பிறந்தவை. நீலத்தைச் சொன்னதற்காக யாரைச் சூடு போட முடியும்?

இதைப் படித்தபோது எனக்குத் தஞ்சாவூர் அக்கிரகாரத்து மாமிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். ‘நாசமத்துப் போறவனே’ என்பார்கள். கோபம் முழுசாக இருக்கும், ஆனால் வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள், நாசம் அற்றுப் போகிறவனே! திட்டும் ஆயிற்று, சாபம் பலித்துவிடுமோ என்கிற பயமும் தீர்ந்தது. பாரீஸுக்காரன் ஒரு எழுத்தை மாற்றித் தப்பித்தான், மாமி இரண்டு எழுத்தைச் சேர்த்துத் தப்பித்தாள்.

கனடாவின் கியூபெக்கில் உள்ள பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் விசேஷம். அவர்களுடைய மோசமான வசவெல்லாம் மாதாகோயில் சாமான்கள்: நற்கருணைப் பேழை, திருப்பாத்திரம், பூசையில் கொடுக்கும் அப்பம். 1960கள் வரைக்கும் அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடும்பம் எல்லாமே பாதிரிமார் கையில் இருந்தது. கோபம் வந்தால் எதைப் போட்டு உடைக்கத் தோன்றுமோ அதுதானே வாயில் வரும். பிரான்ஸ்காரர் காதில் இந்த வசவுகள் விழுந்தால் பூசைப் பாத்திரக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும்.

நம்மிடம் சாமியைத் திட்டுவது குற்றமாக இருந்ததில்லை, அது பக்தியில் ஒரு வகை. இரண்டு கண்ணும் போன சுந்தரர் காஞ்சியில் ஒரு கண்ணை வாங்கிக்கொண்டு திருவாரூருக்கு வந்து தியாகேசர் எதிரில் நின்று பாடிய பதிகத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். உம் அடியார்கள் எப்படியோ போகட்டும், நீர் மட்டும் சௌக்கியமாக இரும் என்கிற தொனி. நம் தெருவில் பெண்கள் ‘நல்லா இருப்பா, நீ நல்லா இரு’ என்று சொல்லிவிட்டுப் போவார்களே, வாழ்த்து மாதிரி இருந்து வயிற்றைக் கலக்குமே, அதே தொனி. யாரும் அவர் உதட்டில் சூடு போடவில்லை. மற்றொரு கண்ணும் கிடைத்தது என்கிறது புராணம்.

சாமியே வசவாக மாறிய கதையும் நம்மிடம் உண்டு. மூதேவி என்று யாரையாவது திட்டும்போது அவள் ஒரு காலத்தில் பூசை வாங்கிய தெய்வம் என்று நினைப்பதில்லை. மூத்த தேவி, வடமொழியில் ஜ்யேஷ்டை. காக்கைக் கொடி, பக்கத்தில் மாட்டு முகத்து மகன், மறுபக்கம் மகள் என்று பல்லவர், சோழர் காலத்துச் சிவன் கோயில்களில் உட்கார்ந்திருப்பாள். பிற்பாடு வழிபாடு நின்றது, சிலையைப் பிரகாரத்து மூலைக்கு நகர்த்தினார்கள், பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. தூங்குமூஞ்சிப் பையனை எழுப்ப உதவுகிறது.

மனிதன் ஏன் திட்டுகிறான் என்பதற்கு வைத்தியர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 1861இல் பாரீஸில் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். இருபது வருஷமாக ‘தான்’ என்ற ஒரு சத்தத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆனால் கோபம் வந்தால் மட்டும் கடவுள் பெயரை இழுத்து ஒரு முழு வசவு தெளிவாக வரும். ஐந்து வருஷம் கழித்துக் கவிஞர் போதலேருக்கு பெல்ஜியத்தில் பக்கவாதம் வந்தது. பிரெஞ்சு மொழியை அப்படி ஆண்ட மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது ‘க்ரேநோம்’ என்ற ஒற்றை வசவுதான். பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையின் ஒரு பக்கத்தை நம்பி இருக்கிறது, வசவு அழுகையும் சிரிப்பும் போல வேறு ஒரு ஆழத்திலிருந்து வருகிறது என்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். என் அத்தைக்கு எழுபது வயதில் வலது கை, கால், வாய் எல்லாம் ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டன. பெற்ற பிள்ளையின் பெயர் வராது, ‘தண்ணி’ வராது. ‘சனியனே’ மட்டும் சுத்தமாக வரும். பசித்தாலும் சனியனே, பேத்தியைக் கண்டாலும் சனியனே, டாக்டர் வந்தாலும் சனியனே. ஒரு மாதத்தில் நாங்கள் ராகத்தை வைத்தே அர்த்தம் பிரிக்கக் கற்றுக்கொண்டோம். இழுத்துச் சொன்னால் கஞ்சி. வெட்டிச் சொன்னால் புரட்டிப் படுக்க வை. கடைசி நாள் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாக ஒரு தரம் சொன்னார். அது எந்த ராகத்திலும் சேரவில்லை.

வலிக்கும்போது திட்டினால் வலி கொஞ்சம் தாங்க முடிகிறது என்பதையும் நிரூபித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் 2009இல் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கை வைக்கச் சொன்னார். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதிக நேரம் கையை வைத்திருந்தார்கள். தினசரி மூச்சுக்கு மூச்சு திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைந்துவிடுகிறது என்றும் பிறகு கண்டுகொண்டார். இப்போதைய பஸ் ஸ்டாண்டு இளைஞர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் நல்லது, சேமித்துச் செலவழிப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் தனி மனிதன் சமாசாரம். நம் டெல்டாவில் வசவுக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. போவதற்குக் கோர்ட்டு இல்லாதவர்களுக்கு அதுதான் கோர்ட்டு. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற ஒரு வீட்டில், நாற்று பறிக்கிற பெண் ஒருத்தி தன் தோட்டை அடகு வைத்திருந்தாள். மீட்கப் போனபோது அப்படி ஒன்றை வாங்கவே இல்லை என்றுவிட்டார்கள். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. உச்சி வேளையில் வந்து நடுத்தெருவில் நின்று கூந்தலை அவிழ்த்துவிட்டாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்த வாசலைப் பார்த்துத் தூற்றினாள். ‘ஒன் வீட்டுல வெளக்கேத்த ஆளில்லாமப் போவ, நீ உண்ட சோறு மண்ணாப் போவ.’ ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. அன்று ராத்திரி அந்த வீட்டு அம்மாள் கொல்லைப்பக்கமாக ஆளை அனுப்பித் தோட்டைக் கொடுத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காளமேகம் நினைவு வரும். காரைக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருமலைராயன்பட்டினம். பதினைந்தாம் நூற்றாண்டில் அதை ஆண்ட திருமலைராயன் சபையில் காளமேகத்துக்கு உட்கார ஆசனம்கூடக் கொடுக்காமல் நிற்க வைத்தார்களாம். அதிமதுரகவியும் அவர் கூட்டமும் வைத்த எமகண்டச் சோதனையில் ஜெயித்த பிறகும் மரியாதை கிடைக்கவில்லையாம். புலவர் வெளியே வந்து அந்த ஊர் மண்மாரியால் அழியட்டும் என்று அறம் பாடினார், ஊர் மண்மூடிப் போயிற்று என்று கதை. கடற்கரை ஊர், காற்றடித்தால் மணல் ஏறத்தான் செய்யும், புலவர் பாட வேண்டியதில்லை. ஆனால் அத்தனை சாபங்களில் அவர் மண்ணைத் தேர்ந்தெடுத்ததாக ஜனங்கள் சொல்லிவந்ததைக் கவனியுங்கள். நாற்று பறிக்கிறவள் கைப்பிடி மண்ணால் செய்ததைப் புலவர் ஒரு ஊர் அளவுக்குச் செய்திருக்கிறார். இருவருக்கும் கையில் வேறு ஆயுதம் இல்லை. நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதற்கு அவர் பாடிய வசையும் பிரசித்தம். சத்திரத்துக்காரர் வந்து கெஞ்சியதும் அதே பாட்டுக்கு வாழ்த்தாகப் பொருள் சொல்லிவிட்டார் என்பார்கள். நாசமத்துப் போறவனே என்ற மாமிக்கு முன்னோடி.

அதிகாரம் உள்ளவர்களும் சாபத்தை நம்பினார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தானத்தை விவரமாக எழுதிவிட்டு, இதற்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையில் உள்ளவர்கள் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்று முடிப்பார்கள். பிற்காலத்தில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷம். தாயையும் மனைவியையும் இழுக்கிற வாசகங்களும் கல்லில் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதைப் படமாகவே செதுக்கினார்கள், தான சாசனக் கல்லில் கழுதையோடு ஒரு பெண். மீறுகிறவனின் தாய் அவள் என்று பொருள். ஆகவே ‘இந்தக் காலத்துப் பசங்கள்தான் ஆத்தாளை இழுத்துத் திட்டுகிறார்கள்’ என்று நாம் அங்கலாய்க்க நியாயம் இல்லை. நிலமும் தானமும் வம்ச வழியாகப் போகிற இடத்தில், யாருக்குப் பிறந்தவன் என்கிற கேள்விதான் பெரிய வெட்டு. அந்த வெட்டு எப்போதும் ஒரு பெண் மேல் விழுகிறது என்பதுதான் சகிக்கவில்லை.

மேலிருந்து கீழே விழுகிற வசவை நான் மேலே சொன்னவற்றோடு சேர்க்க மாட்டேன். அது கோபம் இல்லை, நிர்வாகம். தஞ்சாவூர்ப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலத்தில், காலையில் சாதிப் பெயரோடு கூப்பிடுவது மணி அடிப்பதைப் போல ஒரு வழக்கம். அறுபது வயது பண்ணையாளைப் பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையன் ‘டேய்’ என்பான். அவர் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு ‘ஆண்டே’ என்பார். தென் கன்னடத்திலிருந்து இங்கே வந்த பி. சீனிவாசராவ் 1943 முதல் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டியபோது, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னதைப் பெரியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்ததும் அதே ஜில்லாதான். கூலி அரைப்படி நெல்லைப் பற்றிய சண்டை என்று எழுதுவார்கள். நெல்லோடு சேர்ந்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் அந்தச் சண்டையில் இருந்தது.

பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்த மொழியிலும் ‘தூ’, ‘வூ’ என்று நீ, நீங்கள் உண்டு. காலனிகளில் வெள்ளைக்காரத் துரைகள் உள்ளூர்க்காரர்களை ‘தூ’ என்றே கூப்பிட்டுப் பழகினார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு விகுதி போதும்.

சட்டம் விகுதியைப் பார்ப்பதில்லை. 1881ஆம் வருஷத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் அவதூறு வேறு, வெறும் வசவு வேறு என்று பிரித்துவைத்தது. ஒரு சம்பவத்தைச் சொல்லி மானத்தை வாங்கினால் அவதூறு, சம்பவமே இல்லாமல் இழிவாகச் சொன்னால் வசவு. இங்கே நம் காவல் நிலையங்களில் எந்தத் தெருச்சண்டை வழக்கிலும் முதலில் நின்றது 294 (பி), பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது. 2024 ஜூலையிலிருந்து அதற்கு 296 என்று நம்பர் மாறியிருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகுதான், கீழே விழுகிற வசவுக்கென்று தனியாக ஒரு பிரிவு கிடைத்தது. 2015 திருத்தத்தில் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். மனு எழுதிக்கொடுப்பது என் உத்தியோகம் இல்லை, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மதிய வேளையில் எழுதிக்கொடுப்பேன். பழைய பண்ணையாள். களத்தில் நெல் அளக்கும்போது அந்த வீட்டுப் பையன் திட்டிவிட்டான். கூடவே காலேஜ் படிக்கிற பேரன். “என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க, அப்பத்தான் கேஸ் நிக்கும்” என்றேன். பெரியவர் டைப்பிஸ்ட் அம்மாளைப் பார்த்தார். எழுந்து வெளியே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வார்த்தையெல்லாம் எங்கப்பன் காலத்துலேருந்து கேட்டதுதாங்கய்யா” என்றார். “எம் பேரன் பக்கத்துல நிக்கிறப்ப என்னைய டேய்னு கூப்பிட்டுது அந்தப் புள்ள. அத எழுதுங்க.”

‘டேய்’ என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. மனுவின் முதல் வரியில் அதைத்தான் எழுதினேன். மற்ற வார்த்தைகளை, தாத்தாவைத் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பையன் மெதுவான குரலில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.